கல்யாண விருந்தினரின் ‘விண்டேஜ்’ கவுன்: கிறிஸ்டியன் டியோர் தந்த வடிவம் பிறந்த கதை

லண்டனிலோ பாரிஸிலோ நியூயார்க்கிலோ நடக்கும் ஒரு கல்யாணத்தில், விருந்தினர் கூட்டத்துக்கு நடுவே அந்தக் கவுன் கண்ணில் படுவது சகஜம். இடுப்பில் சிக்கென்று பிடித்து, அங்கிருந்து குடை மாதிரி விரிந்து, கெண்டைக்கால் நடுவில் வந்து முடியும். கடைகளில் இதை ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்றும் ‘ஐம்பதுகளின் ஸ்டைல்’ என்றும் சொல்லி விற்கிறார்கள். கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று குழம்பும் பலர் கடைசியில் கையில் எடுப்பதும் இதைத்தான்.

ஏதோ பாட்டிகள் காலத்தில் எல்லாரும் சாதாரணமாக உடுத்திய கவுன் என்றுதான் இதைப் பார்த்தால் தோன்றும். விஷயம் அப்படியில்லை. இந்த வடிவம் உலகத்தின் முன் வந்த நாள் தெரியும், இடம் தெரியும், வரைந்தவர் யார் என்பதும் தெரியும். 1947 பிப்ரவரி 12, பாரிஸ், கிறிஸ்டியன் டியோர். வந்த புதிதில் இதை உடுத்திய பெண்களை நடுத்தெருவில் மடக்கி, மற்ற பெண்களே துணியைக் கிழித்த சம்பவமும் நடந்தது.

ஒரு கவுனுக்கு ஏன் இவ்வளவு கோபம்? இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதை எப்படி உடுத்தினால் பொருந்தும்? இரண்டு கேள்விக்கும் விடை டியோரின் வாழ்க்கையில் இருக்கிறது.

யார் இந்த டியோர்?

பிரான்ஸின் வடமேற்கே, நார்மண்டி கடலோரத்தில் உள்ள ஊர் கிரான்வில். 1905 ஜனவரி 21 அன்று அங்கே பிறந்தார் கிறிஸ்டியன் டியோர். ஐந்து பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா மோரிஸ், உரத் தொழிற்சாலை முதலாளி. பின்னாளில் உலகமெங்கும் சென்ட் பாட்டிலில் இடம்பிடித்த அந்தக் குடும்பப் பெயர், அன்று வயலுக்குப் போடும் உரத்தின் பெயர்.

கடலைப் பார்த்த பாறை மேல் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வீடு. உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும் அந்த இடத்தில் அம்மா மேடலின் விடாப்பிடியாக ஒரு தோட்டம் வளர்த்தார். பிள்ளைகளில் அம்மாவோடு தோட்டத்தில் சுற்றியவர் கிறிஸ்டியன்தான். விதைக் கடைக்காரர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பூக்களின் பெயரை மனப்பாடம் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்தக் காலத்து வசதியான பெண்களைப் போல, அம்மா தரையைத் தொடும் நீளமான கவுன் உடுத்தியவர். ஒடுங்கிய இடுப்பு, கீழே விரியும் துணி. அந்த உருவம் பையன் மனசில் அப்படியே தங்கிவிட்டது. நாற்பது வருஷம் கழித்து அவர் வரைந்த கவுன்களில் அம்மாவின் சாயலும் இருந்தது, தோட்டத்துப் பூவின் சாயலும் இருந்தது.

‘கடை வை, பெயர் போடாதே’

டியோர் பிள்ளையாய் இருந்தபோதே குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டார் டியோர். மகன் வெளிநாட்டுத் தூதராக வர வேண்டும் என்பது பெற்றோரின் கனவு. அரசியல் அறிவியல் கல்லூரியில் சேர்த்தார்கள். படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஓவியர்கள், இசைக்காரர்கள் என்று நட்பு வட்டம் வேறு பக்கம் போனது.

1928-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஓவியக் கூடம் தொடங்கினார். முதலீடு அப்பா தந்தது. ஒரே ஒரு நிபந்தனை: கடைப் பலகையில் டியோர் என்ற பெயர் வரக் கூடாது. குடும்பப் பெயரைக் கடை வாசலில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று பெற்றோர் நினைத்தார்கள். அந்தக் கூடத்தில் பிக்காசோ, டாலி போன்றவர்களின் படைப்புகள் இடம்பெற்றன.

மூன்றே வருஷத்தில் எல்லாம் தலைகீழாகப் போனது. 1931-ல் அம்மா இறந்தார். தம்பி மனநலம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உலகப் பொருளாதார நெருக்கடியில் அப்பாவின் தொழில் திவாலானது. ஓவியக் கூடமும் மூடப்பட்டது. பாறை மேல் பெரிய வீட்டில் வளர்ந்தவர், நண்பர்கள் வீட்டில் ஒண்டிக்கொள்ளும் நிலைமை. 1934-ல் காசநோய் வேறு. நண்பர்கள் கைக்காசு போட்டு அவரை ஸ்பெயினின் தீவு ஒன்றுக்கு அனுப்பிவைத்தார்கள்.

உடம்பு தேறித் திரும்பியவருக்கு வயது 30. கையில் காசு இல்லை, தொழிலும் இல்லை. தொப்பி, கவுன் என்று காகிதத்தில் படம் வரைந்து, ஆடை நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் விற்கத் தொடங்கினார். முறையாகத் தையல் படித்தவர் இல்லை. பார்த்துப் பார்த்து, வரைந்து வரைந்து கற்றுக்கொண்டது. 1938-ல் ராபர்ட் பிகே என்ற ஆடை வடிவமைப்பாளர் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

போர் வந்தது, தங்கை காணாமல் போனார்

அடுத்த வருஷமே இரண்டாம் உலகப் போர். ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட டியோர், 1940-ல் பிரான்ஸ் சரணடைந்த பிறகு தெற்கே கலியான் என்ற கிராமத்துக்குப் போனார். அப்பாவும் கடைசித் தங்கை கேத்தரினும் அங்கே இருந்தார்கள். அண்ணனும் தங்கையும் நிலத்தில் பீன்ஸும் பட்டாணியும் பயிரிட்டு விற்று வயிற்றைக் கழுவினார்கள்.

பிறகு பாரிஸ் திரும்பி லூசியன் லெலோங் ஆடை நிறுவனத்தில் சேர்ந்தார். நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். ஆடை வாங்க வந்தவர்களில் ஜெர்மன் அதிகாரிகளின் மனைவிமாரும், அவர்களோடு ஒத்துழைத்த பிரெஞ்சுக்காரர்களின் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். டியோர் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வரைந்தார்.

அதே நேரத்தில் தங்கை கேத்தரின் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். ஜெர்மன் படைகளின் நடமாட்டத்தை வேவு பார்த்துத் தகவல் அனுப்பும் குழு அது. பாரிஸில் அண்ணன் வீட்டையே ரகசியச் சந்திப்புக்குப் பயன்படுத்தினார். அண்ணன் தடுக்கவில்லை.

1944 ஜூலையில் கேத்தரின் பிடிபட்டார். கடுமையான சித்திரவதை நடந்தது. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆகஸ்ட்டில், பாரிஸ் விடுதலையாவதற்குச் சில நாட்கள் முன்பு, கைதிகளை ஏற்றிய ரயிலில் ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். தெரிந்தவர்கள் மூலம் டியோர் எவ்வளவோ முயன்றும் விடுவிக்க முடியவில்லை. ஜோசியம் பார்க்கும் பழக்கம் உள்ளவர் அவர். தங்கை உயிரோடு வருவாரா என்று ஜோசியக்காரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1945 மே கடைசியில் கேத்தரின் திரும்பினார். ரயில் நிலையத்தில் அழைத்துவரப் போன அண்ணனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார். தங்கைக்குப் பிடிக்குமே என்று வீட்டில் ஆசையாகச் செய்து வைத்திருந்த சாப்பாட்டை அவரால் சாப்பிடவும் முடியவில்லை. வயிறு ஏற்கவில்லை.

‘நியூ லுக்’ என்றால் என்ன?

போர் முடிந்தது. துணி ஆலை முதலாளி மார்செல் பூசாக், நலிந்துபோன பழைய ஆடை நிறுவனம் ஒன்றைத் தூக்கி நிறுத்த டியோரைக் கூப்பிட்டார். டியோர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. தன் பெயரில் புதிதாக ஒரு நிறுவனம் வேண்டும் என்றார். வாசலில் பெயர் போடக் கூடாது என்று பெற்றோர் சொன்ன பிள்ளை, 41 வயதில், பாரிஸின் மோன்டேன் அவென்யூ 30-ம் எண் கட்டடத்தில் தன் பெயரைப் பொறித்தார். 1946 டிசம்பரில் 85 பேரோடு வேலை தொடங்கியது.

1947 பிப்ரவரி 12 அன்று முதல் காட்சி. கடுங்குளிர், நிலக்கரித் தட்டுப்பாடு, ரொட்டிக்கும் ரேஷன். அந்தச் சூழலில் சுமார் 90 ஆடைகளை டியோர் மேடையேற்றினார். அதில் ஒரு வரிசைக்குப் பூவின் இதழ்வட்டத்தின் பெயர். ஸ்கர்ட் விரிந்தால் கவிழ்த்துவைத்த பூ மாதிரி இருக்கும். மாடல் பெண்கள் வேகமாகத் திரும்பியபோது, ஸ்கர்ட் பட்டு ஓரத்தில் இருந்த சாம்பல் கிண்ணங்கள் உருண்டன. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் கார்மல் ஸ்னோ இதைப் பார்த்துவிட்டுச் சொன்ன ‘நியூ லுக்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதில் புதுசு என்ன? போர்க்காலப் பெண்கள் உடை ராணுவச் சட்டை மாதிரி. தோளில் பஞ்சு வைத்துச் சதுரமாக இருக்கும். ஸ்கர்ட் முட்டியோடு முடியும். துணியை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். டியோர் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். தோள் இயல்பாகச் சரிந்தது. இடுப்பு ஒடுங்கியது. ஸ்கர்ட் கெண்டைக்கால் வரை இறங்கிப் பரந்து விரிந்தது.

வெளியே பார்க்கப் பூ. உள்ளே கிட்டத்தட்ட கட்டட வேலை. துணிக்கு உள்பக்கம் கெட்டியான லைனிங், உடம்பை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள், இடுப்புக்குக் கீழே வைத்துத் தைத்த பஞ்சு, ஸ்கர்ட் சரியாமல் நிற்க அடுக்கடுக்காக வலைத்துணி. இடுப்பு சிறியதாகத் தெரிவதற்குக் காரணம் இறுக்கிக் கட்டுவது மட்டும் இல்லை. மேலேயும் கீழேயும் அகலப்படுத்தினால் நடுவில் இருப்பது சிறியதாகத் தெரியும். கட்டடக்கலை படிக்க முடியாமல்போன ஆசை துணியில் நிறைவேறியது.

காட்சி நடந்த அதே வருஷம் வந்த முதல் வாசனைத் திரவியத்துக்கு ‘மிஸ் டியோர்’ என்று பெயர். வதைமுகாமிலிருந்து திரும்பி வந்த தங்கை கேத்தரினை நினைத்து வைத்த பெயர் அது.

ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

கோபத்துக்குக் காரணம் துணி. டியோரின் சில கவுன்கள் ஒவ்வொன்றும் 15 மீட்டருக்கு மேல் துணியை விழுங்கின. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். ஆரம்பத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுன் வாங்கினாலே 11 கூப்பன் காலி. பிறகு கூப்பன் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போனது. கிழிசலை ஒட்டுப்போட்டு உடுத்தியவர்களுக்கு முன்னால் ஒருத்தி அத்தனை மீட்டர் துணியை வீசி நடந்தால் எப்படி இருக்கும்?

1947 மார்ச்சில் பாரிஸின் மோன்மார்த்ரே சந்தைத் தெருவில் டியோர் ஆடைகளைப் படம் எடுக்கப் போனார்கள். சந்தையில் இருந்த பெண்கள் மாடல்கள் மீது பாய்ந்து துணியைக் கிழித்தார்கள். பிரிட்டனில் வணிகத் துறை அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், ஸ்கர்ட் நீளத்தைக் கூட்டாதீர்கள் என்று ஆடைத் தொழில்துறையினரை வற்புறுத்தினார். அமெரிக்காவில் முட்டிக்குச் சற்றுக் கீழே மட்டும் போதும் என்று சொல்லிப் பெண்கள் சங்கமே தொடங்கினார்கள். அதே வருஷம் விருது வாங்க அமெரிக்கா போன டியோரை, சிகாகோவில் பலகை ஏந்திய பெண்கள் எதிர்கொண்டார்கள்.

எல்லாக் கோபமும் துணிச் செலவால் வந்தது இல்லை. போர்க்காலத்தில் ஆலையிலும் பஸ்ஸிலும் வேலை பார்த்த பெண்களை மறுபடியும் இடுப்பைக் கட்டி வீட்டில் உட்கார வைக்கிறார் என்ற விமர்சனமும் வந்தது. கோகோ ஷனேல் இந்த ஆடைகளை வெளிப்படையாகச் சாடினார். உடுத்த இன்னொருவர் உதவி வேண்டும், எடை அதிகம், ஓடி பஸ் பிடிக்க முடியாது என்ற குறைகள் நியாயமானவை.

இருந்தும் அந்தக் கவுன் ஜெயித்தது. டியோர் கடைக்குப் போக வசதியில்லாத பெண்கள், இருக்கும் ஸ்கர்ட்டின் ஓரத்தில் வேறு துணியை ஒட்டித் தைத்து நீளமாக்கிக்கொண்டார்கள். பத்திரிகைகளில் வந்த படத்தைப் பார்த்து வீட்டுத் தையல் மெஷினில் தைத்துக்கொண்டார்கள். ஆறேழு வருஷம் சிக்கனத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு, ஒரு நாளாவது தாராளமாக உடுத்த வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது.

அதே 1947 நவம்பர் 20 அன்று லண்டனில் இளவரசி எலிசபெத்தின் கல்யாணம். கவுனைத் தைத்தவர் நார்மன் ஹார்ட்னெல். இளவரசி என்றாலும் கூப்பன் வேண்டும். நாடு முழுவதும் இருந்து பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதால் அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன.

இரண்டும் ஒரே வருஷம் நடந்தவை. சந்தைத் தெருவில் துணியைக் கிழித்த பெண்களுக்கும், கல்யாணப் பெண்ணுக்குத் தங்கள் கூப்பனை அனுப்பிய பெண்களுக்கும் ஒரே தட்டுப்பாடுதான். தங்களுக்கு எதிரே பகட்டாகக் காட்டப்பட்டபோது துணி கோபத்தைக் கிளப்பியது. ஒரு கல்யாணத்தின் சந்தோஷத்துக்கு என்றபோது, இருந்ததையும் எடுத்துக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர் இந்தக் கவுனைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய வித்தியாசம் இதுதான்.

டியோரிடமிருந்து விருந்தினர் கற்றுக்கொள்வது என்ன?

எந்த நேரத்துக்கு, எந்த இடத்துக்கு, யார் உடுத்துவது என்று பிரித்துப் பிரித்து ஆடை தைத்தவர் டியோர். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மாலை விருந்துக்கு ஒன்று, இரவு நடனத்துக்கு இன்னொன்று. 1954-ல் சாதாரணப் பெண்களுக்காக அகராதி வடிவில் ஒரு சிறிய புத்தகமும் எழுதினார். எளிமை, ரசனை, சுத்தமாகப் பராமரிப்பது ஆகிய மூன்றும்தான் அடிப்படை, அவற்றுக்குக் காசு தேவையில்லை என்பது அதில் அவர் வலியுறுத்திய கருத்து. அந்தக் கணக்கில் பார்த்தால் விண்டேஜ் கவுன் தேர்வு சுலபமாகிவிடும்.

நிறம்: டியோரின் ஆடைகளிலேயே அதிகம் புகழ்பெற்றது 1947-ன் ‘பார்’ ஆடை. தந்த நிறத்தில் பட்டு ஜாக்கெட், கறுப்பு நிறத்தில் கொசுவம் வைத்த கம்பளி ஸ்கர்ட். இன்றைக்கும் பலர் நகல் எடுப்பது அதைத்தான். ஆனால், மேற்கத்திய கல்யாணத்துக்கு விருந்தினராகப் போகிறவருக்கு அந்த நிறங்கள் ஒத்துவராது. 1840-ல் விக்டோரியா மகாராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்தியதிலிருந்து, அந்த நிறம் மெல்ல மெல்ல மணப்பெண்ணுக்கு உரியதாகிவிட்டது. வெள்ளையைப் போலவே தந்த நிறமும், வெளிறிய கிரீம் நிறமும் போட்டோவில் மணப்பெண்ணின் கவுனோடு போட்டிபோடும். கறுப்போ பழைய வழக்கப்படி துக்க நிறம். இன்று மாலை விருந்துக்குப் பல இடங்களில் கறுப்பு சகஜம் என்றாலும், வயதானவர்கள் அதிகம் வரும் கல்யாணம் என்றால் கேட்டுக்கொள்வது நல்லது. ‘பார்’ ஆடையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடலாம். டியோருக்குப் பிடித்த கருநீலம், சாம்பல், கிரான்வில் வீட்டின் இளஞ்சிவப்பு எல்லாமே பொருந்தும்.

நேரம்: பகலில் தேவாலயத்தில் சடங்கு என்றால் தோள் மூடியிருக்க வேண்டும், துணி மினுக்கக் கூடாது. பருத்தி, மெல்லிய கம்பளி, பளபளப்பு இல்லாத பட்டு சரியாக இருக்கும். மினுங்கும் சாட்டினும் இறங்கிய கழுத்தும் மாலைக்கு. இரண்டுக்கும் ஒரே கவுன்தான் என்றால் ஐம்பதுகளில் ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள். கவுனுக்கு மேலே அதே துணியில் ஒரு குட்டை ஜாக்கெட். தேவாலயத்தில் போட்டுக்கொள்ளலாம், விருந்தில் கழற்றிவிடலாம்.

விரிவு: முதல் காட்சியில் உருண்ட சாம்பல் கிண்ணங்களை மறக்கக் கூடாது. தேவாலய பெஞ்சில் நெருக்கி உட்காரும்போது, அடுக்கடுக்கான உள்பாவாடை பக்கத்தில் இருப்பவர் மடியில் ஏறும். நெருக்கமான மேஜைகளுக்கு நடுவே நடப்பதும் சிரமம். மேடையில் நிற்கும் மாடலுக்கு அத்தனை அடுக்கு வேண்டும். விருந்தினருக்கு ஒரே ஒரு வலைத்துணி உள்பாவாடை போதும்.

இடுப்பு: டியோர் ஆடையின் இடுப்பு பெரும்பாலும் தையல் வித்தை. அதைப் பார்த்து மூச்சை அடக்கி ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால், சாப்பிட உட்காரும்போது தெரிந்துவிடும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, டெய்லரிடம் கொடுத்து இடுப்பில் மட்டும் பிடிப்பது புத்திசாலித்தனம். வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், படி ஏறிப் பார்க்க வேண்டும்.

பழசா, பழைய மாதிரியா: நிஜமாகவே அந்தக் காலத்தில் தைத்த கவுன் என்றால் அளவுச் சீட்டை நம்பக் கூடாது. அன்றைய சைஸ் எண்ணும் இன்றைய எண்ணும் வேறு வேறு. டேப் வைத்து அளந்து பார்ப்பதுதான் சரி. அக்குளில் வியர்வைக் கறை இருந்தால் அந்த இடம் நைந்திருக்கும். பழைய பட்டு, மடிப்புகளில் நூல் நூலாகப் பிரியும். பக்கவாட்டில் இருக்கும் உலோக ஜிப் துருப்பிடித்திருக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் தெரிந்துவிடும். ஆடிப் பாடும் கல்யாணத்துக்கு, பழைய வடிவத்தில் புதிதாகத் தைத்த கவுனே நிம்மதி.

அளவு மீறாமல்: பழைய காலத்துக் கவுன், தொப்பி, கையுறை, பின்கோடு போட்ட காலுறை, அந்தக் காலத்துக் கொண்டை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மாறுவேடப் போட்டிக்கு வந்த மாதிரி ஆகிவிடும். கவுன் பழைய பாணி என்றால் மற்றவை எளிமையாக இருக்கட்டும். தொப்பி வேண்டும் என்றால் சிறியதாக. அகலத் தொப்பி பின் வரிசைக்காரரிடமிருந்து மணமக்களை மறைத்துவிடும்.

கடைசிப் பத்து ஆண்டுகள்

முதல் காட்சிக்குப் பிறகு டியோருக்கு ஓய்வே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் புது வடிவம். விரிந்த ஸ்கர்ட்டோடு அவர் நின்றுவிடவில்லை. ஐம்பதுகளின் நடுவில் இடுப்பைப் பிடிக்காத நேர்க்கோட்டு ஆடைகளையும் வடிவமைத்தார். அந்தக் காலக் கவுன் என்றாலே குடை மாதிரி விரிய வேண்டும் என்பதில்லை. விரிந்த ஸ்கர்ட் பிடிக்காத விருந்தினர் அந்த நேர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதுவும் அதே காலத்து ஆடைதான்.

1948-ல் நியூயார்க்கில் ஆயத்த ஆடைக் கிளை தொடங்கினார். காலுறை முதல் பலவற்றுக்குத் தன் பெயரைப் பயன்படுத்த அனுமதி கொடுத்து, ஆடை வடிவமைப்பாளரின் பெயரையே வியாபாரச் சரக்காக்கினார். பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட் 1951-ல் தன் 21-வது பிறந்தநாள் படத்துக்கு டியோர் கவுன் உடுத்தினார். கவுனைக் கண்டித்த அமைச்சரின் நாட்டிலேயே அரச குடும்பம் அதை ஏற்றுக்கொண்டது.

மனிதர் மட்டும் கூச்ச சுபாவக்காரர். கூட்டம் என்றால் ஒதுங்கிப் போவார். ஜோசியம் கேட்காமல் முக்கியமான முடிவு எடுக்க மாட்டார். தெற்கே தங்கையின் வீட்டுக்கு அருகில் ஒரு மாளிகை வாங்கி, அம்மாவைப் போலத் தோட்டம் போடுவதில் நிம்மதி கண்டார். 1957 மார்ச்சில் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் அட்டையில் அவர் படம் வந்தது. அதே வருஷம் அக்டோபர் 24 அன்று, ஓய்வெடுக்கப் போன இத்தாலியின் மொன்டேகத்தினியில் மாரடைப்பால் இறந்தார். வயது 52. சொந்தப் பெயரில் தொழில் நடத்தியது மொத்தம் பத்தே வருஷம். 21 வயது உதவியாளர் இவ் சான் லோரன் பொறுப்பேற்றார்.

அண்ணனும் தங்கையும் பீன்ஸ் பயிரிட்ட அதே கலியானில்தான் டியோரை அடக்கம் செய்தார்கள். கேத்தரின் அதன் பிறகு ஐம்பது வருஷம் வாழ்ந்தார். அண்ணன் கடையின் ஆடை வியாபாரத்துக்குள் அவர் நுழையவில்லை. பாரிஸ் சந்தையில் பூ வியாபாரம் செய்தார், தெற்கே ரோஜா வளர்த்தார். தன்னைச் சித்திரவதை செய்தவர்கள் மீதான வழக்கில் 1952-ல் நேரில் வந்து சாட்சி சொன்னார். 2008-ல் தன் 90-வது வயதில் இறந்தார். கிரான்வில்லின் இளஞ்சிவப்பு வீடு இப்போது டியோர் அருங்காட்சியகம்.

போரும் பசியும் முடிந்து ஊர் மறுபடி சிரிக்கப் பழகிய நேரத்தில் வந்த கவுன் இது. கல்யாண வீடும் அப்படி ஒரு சிரிப்புக்கான இடம்தான். அங்கே அதை உடுத்திப் போகிறவர், மணப்பெண்ணின் நிறத்தைத் தொடாமல், பக்கத்தில் இருப்பவர் உட்கார இடம் விட்டு, தானும் நிம்மதியாகச் சாப்பிட முடிகிற மாதிரி தேர்ந்தெடுத்தால், தேர்வு சரி.